தலைவலியும் ‘நீர் கோத்தலும்’

‘எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம்’ என்பது நம் முன்னோர் வாக்கு. ஆயினும் கண்ணுக்கும் வயிற்றுக்கும் வைத்தியரை நாடும் நம் கிராம மக்கள், தலைவலியை மட்டும் ஒரு நோயாகவே மதிப்பதில்லை. பெட்டிக்கடையில் ஒரு மாத்திரை, நெற்றியில் சிறிது தைலம். இத்துடன் காரியம் முடிந்தது என்று இருந்துவிடுகின்றனர். கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் காரணம் கேட்டால், மூத்தோர் “தலையில் நீர் கோத்துக்கொண்டது” என்பர். இளையோர் “சைனஸ்” என்பர். சொல் வேறாயினும் எண்ணம் ஒன்றே. நெற்றியிலும் மூக்கிலும் நீரோ சளியோ தேங்கி நின்று வலியை உண்டாக்குகிறது என்பதே அவ்வெண்ணம். அடிக்கடி வந்து போகும் தலைவலியைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் தவறு. அத்தவறினால் விளையும் கேடு சிறிதன்று; ஆதலின் இதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம்.

பல்லடத்திற்கு அருகே ஒரு சிற்றூரில் விசைத்தறி வைத்துள்ள குடும்பம் ஒன்றை நாம் அறிவோம். அவ்வீட்டு அம்மையார் ஏழு ஆண்டுகளாகச் ‘சைனஸ்’ நோயாளி. “வெள்ளிக்கெழம தலைக்கு ஊத்துனாலே நீர் கோத்துக்குதுங்க, சாயங்காலம் மண்டை வெடிச்சுப் போகுமுங்க” என்றார். மூக்கில் கெட்டியான சளி வருவதுண்டா என்று கேட்டோம், இல்லை என்றார். காய்ச்சல்? அதுவும் இல்லை. வலி வந்தால் என்ன செய்வீர்கள் என்றதற்கு, “தறிச் சத்தமே ஆகாதுங்க, இருட்டு ரூம்புல துணியைக் கட்டிக்கிட்டுப் படுத்துக்குவேன், ரண்டு தடவை வாந்தி எடுத்தாத்தான் அடங்கும்” என்றார். இவ்விடைகளைக் கேட்ட பின்னர் மருத்துவர் எவரும் மூக்கைக் குறை கூறமாட்டார். ஆயினும் அவர் அதுவரை இரண்டு முறை எக்ஸ்ரே எடுத்து, பல தடவை கிருமிக்கொல்லி மருந்தும் உண்டிருந்தார். வலி மாத்திரையோ மாதத்தில் இருபது நாட்களுக்குக் குறைவதில்லை.

இவ்வெண்ணம் நம் பகுதியில் வேரூன்றியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் வாயில்போல் திறந்து நிற்பதால், ஆனி, ஆடி மாதங்களில் காற்று கோவை, பொள்ளாச்சி, உடுமலை வட்டாரங்களில் புழுதியை வாரி இறைக்கிறது. நூற்பாலையிலும் பஞ்சு அரைவை ஆலையிலும் பஞ்சுத் தூசி. தென்னை நார்த் தொழிற்கூடங்களில் நார்த் தூசி. மஞ்சள் மெருகேற்றும் களத்தில் மஞ்சள் தூசி. இவை போதாவென்று பார்த்தீனியம் என்னும் களையும் வந்து சேர்ந்தது. 1950-களின் நடுவில் புனே நகரில் கவனத்திற்கு வந்த இச்செடி, இன்று நம் சாலை ஓரங்களிலும் தரிசுக் காடுகளிலும் மண்டிக் கிடக்கிறது. இதன் மகரந்தம் பலருக்குத் தும்மலையும் மூக்கடைப்பையும் தருகிறது. ஆக, மூக்குத் தொல்லை நம்மிடையே மெய்யாகவே மிகுதி. மூக்கும் தொல்லை, தலையும் வலி என்றால் இரண்டையும் முடிச்சிட்டுவிடுவது மனித இயல்பே.

சைனஸ் என்பது நோயின் பெயரன்று, உறுப்பின் பெயர். நெற்றியிலும், கன்ன எலும்புகளிலும், கண்களுக்கு இடையிலும், மூக்கின் பின்புறம் ஆழத்திலுமாக நான்கு இணைக் காற்றறைகள் நம் அனைவருக்கும் உள்ளன. இவை சிறு துளைகள் வழியே மூக்கினுள் திறக்கின்றன. சளி பிடித்துத் துளை அடைபட்டால் உள்ளே அழற்சி உண்டாகும். இதனையே சித்த மருத்துவ நூல்கள் பீனிசம் என்று கூறும். இந்நோயில் மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டிச் சளி மூக்கிலிருந்தோ தொண்டைக்குள்ளோ இறங்கும், மூக்கு அடைக்கும், மணம் தெரியாது, குழம்பு கொதிப்பதும் அடுப்படிக்குள் வந்து பார்த்தால்தான் தெரியும். கன்னத்திலோ நெற்றியிலோ பாரமான வலி நாள் முழுவதும் இருக்கும், சிலருக்கு மேற்பற்களும் நோகும், காய்ச்சலும் காணலாம். இவ்வலி சளியோடு வந்து சளியோடு போகும். சளி இல்லாமல் மாதம் இருமுறை வந்து, ஒரு நாளில் மறைந்து, இடையில் முற்றும் நலமாக விட்டுவைக்கும் வலி சைனஸ் வலியாக இருப்பது அரிது.

அவ்வாறு வந்து போவது ஒற்றைத் தலைவலி. மைக்ரேன் என்று நகரத்தார் கூறுவதும் இதுவே. பெயரே மக்களை ஏமாற்றுகிறது. ஒற்றைப் பக்கத்தில்தான் வலிக்க வேண்டும் என்பதில்லை. இருபுறமும் வலிப்பவர் ஏராளம். நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் வலிப்பதும் உண்டு. விண் விண்ணென்று தெறிப்பது, படி ஏறினால் கூடுவது, குமட்டல் அல்லது வாந்தி, வெளிச்சமும் சத்தமும் பொறுக்காமை ஆகியவை இதன் அடையாளங்கள். மருந்து இல்லாவிடில் 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். சிலருக்கு வலிக்குமுன் கண்ணெதிரே மின்னல் கோடுகள் தோன்றும். தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வருவது வழக்கம். ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதி. இது நகரத்து நோய் என்று எண்ணுவோரும் உளர். பெங்களூரிலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும் வீடு வீடாக நடத்தி 2015-ல் வெளியிட்ட ஆய்வில், நால்வரில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் ஒற்றைத் தலைவலி வந்திருந்தது. தலைவலிக்காரர்கள் நகரத்தைவிடக் கிராமத்திலேயே அதிகம்.

இனி, குழப்பம் எங்கே விளைகிறது என்பதைப் பார்ப்போம். முகத்திற்கும் நெற்றிக்கும் மூக்கின் உட்புறத்திற்கும் உணர்வு அளிப்பது ஒரே நரம்பு. மூன்று கிளைகளாகப் பிரிந்து செல்வதால் அதனை முக்கிளை நரம்பு என்பர். ஒற்றைத் தலைவலியின்போது கிளர்ச்சி அடைவதும் இந்நரம்பே. அக்கிளர்ச்சியின் எதிரொலியாகக் கண்ணில் நீர் வடியும், மூக்கு ஒழுகும், அடைத்ததுபோலும் தோன்றும். அதாவது மூக்கு ஒழுகுவதால் தலை வலிக்கவில்லை; தலை வலிப்பதால் மூக்கு ஒழுகுகிறது. வண்டி மாட்டை இழுப்பதாக எண்ணிக்கொள்கிறோம்! குனிந்தால் வலி கூடுவது, மேகமூட்டத்தில் வலி வருவது ஆகியவற்றைச் சைனஸுக்கு அடையாளமாகக் கூறுவதும் பிழை. இரண்டு நோய்க்கும் இவை பொது. அமெரிக்காவில் சைனஸ் தலைவலி என்று தாமே கருதியோ மருத்துவர் சொல்லியோ வந்த 2,991 பேரைச் சோதித்து 2004-ல் வெளியிட்டனர். அவர்களில் 100-க்கு 88 பேருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலியே. படித்த நாட்டிலும் நிலைமை இதுவெனில், நம் அம்மையாரைக் குறை கூறுவதற்கு இல்லை.

தலைக்குக் குளித்தால் வலி வருகிறதே, அது நீர் கோத்தல் அன்றோ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மும்பை மருத்துவர் கே. ரவிசங்கர், தலைமுழுக்கினால் ஒற்றைத் தலைவலி தூண்டப்பெற்ற 94 இந்திய நோயாளிகளைப் பற்றி 2006-ல் மருத்துவ ஏடு ஒன்றில் எழுதினார். ஆக, நம் பாட்டிமார் கண்டது பொய்யன்று. குளித்தால் வலி வருவது உண்மை. மண்டைக்குள் நீர் இறங்குகிறது என்று அவர்கள் கூறிய விளக்கமே தவறு. மண்டையோட்டினுள் நீர் புகுவதற்கு வழியே கிடையாது. முழுக்கு நாளில் விரதமும் இருந்து, ஈரக் கூந்தலோடு வெயிலில் நின்றால் தூண்டுதல் மூன்று மடங்காகிறது.

வீட்டிலிருந்தபடியே பிரித்தறிய உதவும் மூன்று கேள்விகளை 2003-ல் வெளியான ஓர் ஆய்வு வகுத்துத் தந்தது. கடந்த மூன்று மாதங்களில் தலைவலியின்போது குமட்டல் இருந்ததா? வெளிச்சம் தொல்லை தந்ததா? ஒரு நாளாயினும் வேலை கெட்டதா? இம்மூன்றில் இரண்டிற்கு ‘ஆம்’ என்ற விடை வருமாயின் பெரும்பாலும் அது ஒற்றைத் தலைவலியே. இத்துடன், கெட்டிச் சளி உண்டா, மணம் தெரிகிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளலாம். எக்ஸ்ரேயில் சைனஸ் சவ்வு சற்றுத் தடித்துத் தெரிந்தால் அதனையே பெரிதாக எண்ணிவிடக் கூடாது. தலைவலி அறியாதவர் பலருக்கும் படத்தில் அவ்வாறு தெரிவதுண்டு.

பெயர் எதுவாயினும் என்ன, வலி போனால் போதாதா என்பார் சிலர். போதாது. மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும் சாதாரண வலி மாத்திரையை மூன்று மாதம் உண்டால், அம்மாத்திரையே நாள்தோறும் தலைவலியை உண்டாக்கும் நிலை வந்துவிடும். பல மருந்துகள் கலந்த மாத்திரையானால் 10 நாளே போதும். நாம் கண்ட அம்மையாருக்கு நேர்ந்தது இதுவே. இதற்கு மருந்து, அம்மருந்தை நிறுத்துவதுதான். நிறுத்திய முதல் சில நாட்கள் வலி கூடிப் பின் தணியும். மருத்துவரின் துணையின்றி இதில் இறங்க வேண்டாம். மேலும் தொடர்ந்த வலி மாத்திரை, கரப்பான் விழுந்த பயிர்போல் வயிற்றையும் சிறுநீரகத்தையும் மெல்ல அரிக்கும். காரணமின்றி உண்ணும் கிருமிக்கொல்லியோ, மெய்யான கிருமி வரும் நாளில் வேலை செய்யாது போகும்.

மெய்யான சைனஸ் தொல்லைக்கு வருவோம். சளியால் வரும் அழற்சி பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானே அடங்கும். பத்து நாள் கடந்தும் குறையாவிடினும், குறைந்து மீண்டும் கூடினும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். உப்பு நீரால் மூக்கைக் கழுவுதல் நல்ல பயன் தரும். அரை லிட்டர் நீருக்கு ஒரு சிறு கரண்டி உப்பு. ஆனால் கொதிக்க வைத்து ஆறிய நீரே வேண்டும். கிணறு, குளம், குழாய் நீரை அப்படியே மூக்கில் ஏற்றலாகாது. நம் அண்டையிலுள்ள கேரளத்தில் 2024-லும் 2025-லும் அமீபா மூளைக் காய்ச்சல் உயிர்களைக் கவர்ந்ததை மறக்க வேண்டாம். நொச்சித் தழை போட்டு வேது பிடிப்பது அடைப்புக்கு இதம் தரும். கொதிபானையின் அருகே குழந்தைகளை விடக் கூடாது. மூக்கடைப்புச் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் விடாதீர்கள். பின்னர் அதுவே அடைப்பை வளர்க்கும். தூசி வேலைக்குச் செல்வோர் துண்டால் மூக்கை மூடிக்கொள்வது எளிய காவல்.

ஒற்றைத் தலைவலிக்கு வேது உதவாது. காட்டமான தைல வாசனை சிலருக்கு வலியைத் தூண்டவும் செய்யும்; ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்குப் பகையாகிறது. இங்கு வேண்டுவது காலம் தவறாமை. வலி தொடங்கியவுடனே, மருத்துவர் கூறிய மாத்திரையை முழு அளவில் உண்டு, நீர் அருந்தி, இருட்டறையில் படுக்க வேண்டும். பொறுத்துப் பார்த்து, வலி முற்றிய பின் உண்டால் இரைப்பை மந்தமாகி மருந்து உடலில் சேராது, வாந்தியோடு போய்விடும். பாரசிட்டமால் பலருக்குப் போதும். போதாதவர்க்கு நாப்ராக்ஸன், சுமாட்ரிப்டான் போன்றவற்றை மருத்துவர் தருவார். இதய நோயாளிக்குச் சுமாட்ரிப்டான் ஆகாது. காய்ச்சலும் சேர்ந்திருந்தால் டெங்குவாக இருக்கக்கூடும்; அப்போது ஆஸ்பிரினைத் தொடக் கூடாது. மாதத்தில் நான்கு நாளுக்கு மேல் வலி வருவோர்க்கு, வராமல் தடுக்கும் மாத்திரைகள் உள்ளன. ஆஸ்துமா உள்ளவர், கருவுற்றவர் அதனை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இவை பலன் காட்ட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பத்து நாளில் கைவிட்டு ‘டாக்டர் சரியில்லை’ என்பது முறையன்று.

தூண்டுவது எதுவெனக் காண, உரக்கடையில் கொடுக்கும் நாட்காட்டியே போதும். வலித்த நாளில் ஒரு புள்ளி. மாத்திரை உண்டால் ஒரு கோடு. காலை உணவைத் தவிர்த்தது, இரவு ஷிப்ட், மாதவிலக்கு, உச்சி வெயிலில் களை எடுத்தது என்று ஒரு சொல். நம் பெண்மக்கள் பால் கறந்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பத்து மணிக்கு வெறும் தேநீரோடு காட்டிற்குச் செல்கின்றனர். மூன்று மாத நாட்காட்டியில் அவ்வம்மையார் கண்டதும் இதுவே: வெள்ளிக்கிழமை முழுக்கைவிட, வெள்ளிக்கிழமைப் பட்டினியே பெரிய காரணம்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யத்தக்கவையும் உள. பொதுப்பணி நடக்கும் இடங்களில் நிழலும் குடிநீரும் பெயரளவில் இல்லாமல் மெய்யாக இருக்கச் செய்க. பார்த்தீனியத்தைப் பூக்குமுன், கையுறை அணிந்து, வேரோடு பிடுங்கச் செய்க. பூத்தபின் வெட்டுவது விதைக்கு வழி செய்வதாகும். ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரைக் கிராம சபைக்கு அழைத்துத் தலைவலி பற்றிப் பேசச் சொல்வதும் நன்று. பெண்கள் வந்து கேட்பார்கள்.

சில தலைவலிகள் மட்டும் ஒரு மணியும் தாமதிக்கத்தக்கன அல்ல. இடி விழுந்தாற்போல் திடீரென வரும் கடும் வலி. காய்ச்சலோடு கழுத்து விறைத்தல். கை கால் விழுதல், பேச்சுக் குழறல், பார்வை மங்குதல். தலையில் அடிபட்ட பின் வரும் வலி. கருவுற்ற காலத்துப் புதிய வலி: இவற்றுக்கு 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஐம்பது வயதுக்குப் பின் முதன்முதலாகத் தொடங்கும் தலைவலியையும் காட்டாமல் விடலாகாது. சர்க்கரை நோயாளிக்குக் கன்னம் வலித்து, கண்ணைச் சுற்றி வீங்கி, மூக்கில் கருத்த கசிவு வந்தால் அது 2021-ல் நாம் கண்ட கருப்புப் பூஞ்சையாக இருக்கக்கூடும். அன்றே சென்றால் கண்ணும் உயிரும் பிழைக்கும். செல்லும்போது நாட்காட்டித் தாளையும், உண்டு முடித்த மாத்திரை அட்டைகளையும் மடியில் கட்டிக்கொண்டு செல்க. மருத்துவர் முதலில் கேட்பது அவற்றையே.