தலைகீழ்ப் படிக்கோபுரம்: பேர்மிங்ஹாம் மத்திய நூலகத்தின் கட்டடக்கலை

ஒரு கட்டடத்தை அதன் முகப்பைக் கொண்டு மதிப்பிடுவது எளிது. அவ்வடிவம் எத்தேவையிலிருந்து பிறந்தது, எப்பொருளாதார வரம்புக்குள் உருப்பெற்றது என்னும் வினாக்களே ஆய்வுக்குரியவை. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் 1974 இல் திறக்கப்பட்டு, 2016 இல் இடிக்கப்பட்ட மத்திய நூலகத்தை இந்நோக்கில் ஆராய முற்படுகின்றோம்.

கட்டடக் கலைஞர் ஜோன் மடின் இதனை இரு பகுதிகளாக வகுத்தார். இரவல் வழங்கும் பகுதி தாழ்ந்த கட்டடமாக அமைந்தது. உசாத்துணைப் பகுதியோ, மேலே செல்லச் செல்ல அகலும் மாடிகளுடன், பண்டைய மெசொப்பொத்தேமியப் படிக்கோபுரம் ஒன்றைத் தலைகீழாக நிறுத்தினாற்போல எழுந்தது. இது வெறும் புதுமை வேட்கையன்று. கீழே மக்கள் நடமாட இடம் கிடைத்தது; திறந்த நடுமுற்றத்தின் வழியாக வாசிப்புத் தளங்கள் ஒளி பெற்றன. வெளியே நீளும் தளத்தின் மேற்பகுதி இழுவிசைக்கும் கீழ்ப்பகுதி நெருக்கு விசைக்கும் உட்படும். நெருக்கலைக் கொங்கிறீற்றும் இழுவையை உருக்குக் கம்பிகளும் ஏற்பதனாலேயே இத்தகைய அமைப்புச் சாத்தியமாகின்றது.

வெளிப்புறத்தை இயற்கைக் கல்லாற் போர்த்தவே மடின் விரும்பினார். செலவைக் காரணங்காட்டி நகரசபை அதனை ஏற்கவில்லை. கட்டடத்தின் அடியிலே திட்டமிடப்பட்ட பேருந்து நிலையமும் நிறைவேறவில்லை. பின்னர் முற்றம் கூரையிடப்பட்டு, அங்கே கடைகள் புகுந்தன. இவ்வாறு சிக்கனத்தாலும் வணிகத்தாலும் விளைந்த குறைகள் யாவும் கொங்கிறீற்றின் குற்றங்களாகவே எண்ணப்பட்டன. நூல்களைப் பேணுமிடமன்று, எரிக்குமிடம் போன்றது என இளவரசர் சாள்ஸ் இகழ்ந்தார். மரபுரிமைக் கட்டடமாகப் பாதுகாக்குமாறு இங்கிலிஷ் ஹெரிற்றேஜ் நிறுவனம் விதந்துரைத்தும் அரசு மறுத்துவிட்டது.

இதற்கு முன்னிருந்த, 1882 இல் திறக்கப்பட்ட விக்ரோறியா காலத்து நூலகமும், புதியது வந்ததும் இடிக்கப்பட்டதென்பது நினைவுகூரத்தக்கது. ஒரு தலைமுறை தன் முந்திய தலைமுறையின் கலையை அழகற்றதெனக் காண்பது இயல்பு. ஆயின், அக்கணநேர இரசனை பொதுச்சொத்தின் விதியைத் தீர்மானித்தல் முறையாகாது.

2013 இல் ஏறக்குறைய 18.8 கோடி பவுண் செலவிற் புதிய நூலகம் திறக்கப்பட்டது. ஈராண்டுகளுக்குள், 2015 இல், நிதிக்குறைப்பினால் அதன் வாராந்தத் திறப்பு நேரம் 73 மணியிலிருந்து 40 மணியாகச் சுருங்கியது. கட்டுவதற்குக் கிடைத்த பணம், கதவுகளைத் திறந்து வைத்திருக்கக் கிடைக்கவில்லை. மாலையில் வேலை முடித்து வரும் தொழிலாளிக்குப் பூட்டிய கதவின் அழகினாற் பயனென்ன? பொது நூலகக் கட்டடக்கலை பற்றிய எந்த மதிப்பீடும் இவ்வினாவையும் உள்ளடக்கியே அமைதல் வேண்டுமென்பது நம் துணிபு.