பனி உலகில் தணியும் தீப்புண் வலி

கணினி விளையாட்டில் மூழ்கியிருக்கும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டுப் பாருங்கள். நான்கு முறை கூப்பிட்டாலும் காதில் விழாது. காதில் கோளாறு இல்லை. கவனம் முழுவதும் திரைக்குள் இருக்கிறது. பெற்றோருக்கு எரிச்சல் மூட்டும் இதே குணம், உடல் வெந்துபோன ஒருவருக்கு ஆறுதலாக அமையுமா? அமையும் என்று காட்டியவர்கள் அமெரிக்காவின் சியாட்டல் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள்.

தீக்காயம் பட்டவரின் வேதனை விபத்து நடந்த நாளோடு முடிவதில்லை. கட்டைப் பிரிக்க வேண்டும், புண்ணைக் கழுவ வேண்டும், செத்த தோலை அகற்ற வேண்டும். இது மீண்டும் மீண்டும் நடக்கும். படுத்திருக்கும்போது வலியை அடக்கும் மார்ஃபின் போன்ற மருந்துகள், இந்த நேரத்தில் பலருக்குப் போதுவதில்லை. அளவைக் கூட்டினால் மூச்சு மந்தமாகும் ஆபத்தும் உண்டு.

அந்தப் பல்கலைக்கழகத்தில், மனிதனும் கணினியும் உறவாடும் முறையை ஆராய 1989இல் ஓர் ஆய்வகம் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் டாம் ஃபர்னஸ், முன்பு போர் விமானிகளுக்கான காட்சிக் கருவிகளை உருவாக்கியவர். அங்கே உளவியலாளர் ஹன்டர் ஹாஃப்மன், சிலந்தியைக் கண்டு அஞ்சுவோருக்கு மெய்நிகர் உலகத்தின் வழியே சிகிச்சை அளித்து வந்தார். ஹார்பர்வியூ மருத்துவமனையில் தீக்காய நோயாளிகளின் வலியைக் கவனித்து வந்த டேவிட் பாட்டர்சன் அவருடன் கைகோத்தார்.

பதின்ம வயது நோயாளிகள் இருவருக்குப் புண்ணுக்குச் சிகிச்சை நடக்கும்போது சிறிது நேரம் சாதாரண வீடியோ விளையாட்டும், சிறிது நேரம் மெய்நிகர் உலகமும் கொடுத்துப் பார்த்தார்கள். மெய்நிகர் உலகில் இருந்தபோது வலி நன்றாகக் குறைந்ததாக இருவருமே கூறினர். 2000இல் இந்த முடிவு வெளியானது.

பிறகு தீக்காய நோயாளிகளுக்கென்றே ‘பனி உலகம்’ பிறந்தது. தலைக்கவசம் போன்ற கருவியை அணிந்ததும், நோயாளி பனி மலைகளுக்கு நடுவே மிதந்து செல்கிறார். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்புகிறது. பொத்தானை அழுத்தினால் பனிமனிதர்கள் மீதும் பெங்குவின்கள் மீதும் பனிப்பந்து பாய்கிறது. நெருப்பை நினைவூட்டும் எதுவும் அங்கே இல்லை.

இது வெறும் மனப்பிரமையா? 2004இல் வெளியான ஓர் ஆய்வில், நலமாக உள்ள எட்டுப் பேரின் காலில் சூடு வைத்து மூளையைப் படம் பிடித்தார்கள். பனி உலகில் இருந்தபோது, வலியோடு தொடர்புடைய மூளைப் பகுதிகளின் இயக்கமே வெகுவாகக் குறைந்திருந்தது.

காரணம் எளிமையானது. வலியை உணரவும் கவனம் தேவை. மனிதனின் கவனமோ அளவானது. அதைப் பனி உலகம் பிடித்துக்கொண்டால், வலிக்கு மிஞ்சுவது கொஞ்சமே. ஆனால் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. அந்த உலகில் தாமே திரும்பிப் பார்த்து, பனிப்பந்து எறிந்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. காட்சி எவ்வளவு அழகு என்பதைவிட, அது நம் செயலுக்கு எப்படிப் பதில் சொல்கிறது என்பதே முக்கியம்.

இது மருந்துக்கு மாற்று அல்ல. மருந்தோடு சேர்ந்த துணை. முகம் வெந்தவரால் தலைக்கவசம் அணிய முடியாது. சிலருக்குத் தலைசுற்றலும் வரும். என்றாலும், கட்டு பிரிக்கும் அறைக்குள் நுழையவே நடுங்கும் ஒரு பிள்ளைக்கு, அந்தச் சில நிமிடங்கள் தாங்கக்கூடியதாக மாறுவது சின்ன விஷயமா?