கர்த்தருடைய நினைவும் மனிதனுடைய நம்பிக்கையும்

டிசம்பர் 31-ஆம் தேதி நள்ளிரவு ஆராதனை முடிந்து அனகாபுத்தூர், பம்மல், பல்லாவரம் ஆகிய ஊர்களின் கிறிஸ்தவர்கள் வீடு திரும்பும்போது, பலருடைய கையில் ஒரு சிறிய வாக்குத்தத்த அட்டை இருக்கும். பிறக்கும் ஆண்டு முழுமைக்கும் கர்த்தர் தமக்கென்று அருளிய வசனம் அது என்று எண்ணி, அதை வேதப்புத்தகத்தின் நடுவே பத்திரப்படுத்துவாரும் உண்டு. வாசற்கதவின்மேல் ஒட்டிவைப்பாரும் உண்டு. இத்தகைய அட்டைகளில் அடிக்கடி இடம்பெறுவது எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் 29-ஆம் அதிகாரம், 11-ஆம் வசனம். தம் ஜனத்தைக் குறித்துத் தாம் எண்ணுவதெல்லாம் அவர்களுடைய க்ஷேமத்தையே என்று கர்த்தர் உறுதி கூறும் இடம் அது.

ஆயினும் அவ்வசனம் முதன்முதலில் யாருக்கு எழுதப்பட்டது என்பதை அறிந்தால், அதன் பொருள் நாம் நினைத்ததைவிடக் கடினமானது என்பது விளங்கும். பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சாரால் எருசலேமிலிருந்து சிறைப்பிடித்துச் செல்லப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய நிருபம் அது. இரண்டே ஆண்டுகளில் விடுதலை என்று அனனியா என்பவன் இனிக்க இனிக்கச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், எழுபது ஆண்டுகள் ஆகும், ஆகவே அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்துவையுங்கள், சிறைப்பட்டிருக்கும் அப்பட்டணத்தின் நன்மைக்காகவே ஜெபம் பண்ணுங்கள் என்று அந்நிருபம் கூறிற்று. அதைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பாமலே மாண்டிருக்க வேண்டும். அப்படியானால், தேவனுடைய நல்லெண்ணத்தை நம்புவது என்பது, நமது விருப்பம் இவ்வாண்டுக்குள் நிறைவேறும் என்று நம்புவது அன்று.

இந்தப் பேதம் ஏட்டளவில் நின்றுவிடாமல் வீட்டு வாசலுக்கே வந்த காலம் ஒன்று உண்டு. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு பெருகி, அதன் கரையோர ஊர்களில் எண்ணற்ற வீடுகள் நீரில் மூழ்கின. இத்தகைய ஆபத்து நேரும்போது இரண்டு விடைகள் விரைந்து வருவதுண்டு: தேவன் தண்டித்தார் என்பது ஒன்று; எல்லாம் நன்மைக்கே என்பது மற்றொன்று. முதல் விடையைச் சொன்ன யோபுவின் சிநேகிதர்களைத் தேவனே கடிந்துகொண்டதாக வேதம் கூறுகிறது. இரண்டாவது விடையோ, நீர்வழிகளைத் தூர்த்த மனிதருடைய பேராசையையும் தேவ சித்தத்தின் கணக்கிலே எழுதிவிடுகிறது.

கிறிஸ்தவ வேதசாஸ்திரம் இவ்விரண்டுக்கும் நடுவே நுட்பமான ஒரு வழியைக் காண்கிறது. தன்னை அடிமையாக விற்றுப்போட்ட சகோதரர்கள், பிற்காலத்தில் எகிப்தின் அதிபதியாய் உயர்ந்துவிட்ட தன்முன் நடுங்கி நின்றபோது, யோசேப்பு அவர்கள் செய்தது நன்மை என்று சொல்லவில்லை. அவர்கள் எண்ணியது தீமையே என்றும், அதையே தேவன் நன்மையாக முடியப்பண்ணினார் என்றும் கூறினான். தீமையே இல்லாதபடி செய்வதினும் தீமையிலிருந்து நன்மையைப் பிறப்பிப்பதே மேல் என்று தேவன் கருதினார் எனப் பரிசுத்த அகுஸ்தீனும் போதித்தார்.

அனகாபுத்தூர் நெசவாளர் ஊர். கட்டம் போட்ட மதராஸ் துணியை நைஜீரியாவுக்கு நெய்து தந்து, அவ்வணிகம் நலிந்தபின் வாழைநாரிலும் புடவை நெய்யக் கற்ற ஊர். துணியின் கீழ்ப்புறத்தில் சிக்கலாய்த் தோன்றுவது மேற்புறத்தில் சித்திரமாய் இருக்கும் என்று துன்பத்துக்குச் சமாதானம் சொல்லும் பிரசங்கிகள் உண்டு. தறியில் அமர்ந்தவர் அறிந்தது வேறு. சித்திரம் அமைவதற்காக எந்த நெசவாளரும் பாவு இழையை அறுப்பதில்லை. அறுந்தால் தறியை நிறுத்தி, முனைகளைத் தேடியெடுத்து முடிச்சிடுகிறார். தேவனுடைய நல்லெண்ணத்தை இழை அறுந்ததில் அன்று, முடிச்சிடும் கையில் காண்பதே தகும்.

அயர்லாந்திலிருந்து 1895-இல் இந்தியாவுக்கு வந்து, திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளுக்குத் தாயான ஏமி கார்மைக்கேல் அம்மையார், சிறுமியாய் இருந்தபோது நீலக் கண்கள் வேண்டி ஜெபித்துக் கிடைக்காமல் வருந்தினாராம். சேலை உடுத்தித் தமிழ்ப் பெண்களோடு கலந்து பழகிய காலத்தில், தமக்கு வாய்த்த பழுப்பு விழிகளின் பயனை உணர்ந்தார் என்று அவருடைய சரித்திரம் கூறும். அந்த ஜெபம் மறுக்கப்பட்டதற்குக் காரணம் தெரிந்தது. ஆனால் 1931-இல் கீழே விழுந்து, 1951-இல் மரணமடையும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவர் நோயாளியாய் அறையில் அடைபட்டுக் கிடந்ததற்கு அப்படி எளிதில் ஒரு காரணம் சொல்லிவிட முடியாது. படுக்கையிலிருந்தே அவர் நூல்கள் எழுதினார் என்பது உண்மை. அந்நூல்கள் அவ்வேதனைக்கு விலையாகிவிடுமா என்பது வேறு கேள்வி. காரணம் தெரிந்த இடத்தில் நம்புவது எளிது. தெரியாத இடத்திலும் அவர் நம்பினார்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் நிகழ்ந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்து, கால்கள் இரண்டும் செயலிழந்தவராய், இனித் தாம் எதற்காக உயிரோடிருக்க வேண்டும் என்ற கேள்வியோடு கிடந்தார். தொழுநோயாளிகளின் கைகளுக்கு உட்கார்ந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்யலாமே என்று டாக்டர் பால் பிராண்ட் வழிகாட்டினார்; சக்கர நாற்காலியில் அமர்ந்தே அவர் அவ்வாறு செய்தார்; பின்னர் அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1966-இல் வேலூரில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையத்துக்குத் தலைமை ஏற்று, 1972-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். அவருடைய நம்பிக்கை ஒரே நாளில் மீளவில்லை. சிறுகச் சிறுகச் செய்கையின் வழியே மீண்டது.

இவ்விதமான விசுவாசம் பிரலாபத்தை விலக்குவதில்லை. சங்கீதங்களில் கணிசமானவை முறையீடுகளே; கெத்செமனேயில் இயேசுவே பாத்திரம் நீங்கவேண்டும் என்று கெஞ்சியபின்புதான் பிதாவின் சித்தத்துக்கு ஒப்புக்கொடுத்தார். அனகாபுத்தூருக்கு வெகுதூரமில்லாத பரங்கிமலையில் இரத்தசாட்சியாய் மரித்தார் என்று பாரம்பரியம் கூறும் தோமாவோ, கண்டு தொட்டாலொழிய நம்பேன் என்றவர். அவர் ஐயுற்ற பின்பும் மற்றச் சீஷர் அவரைத் தள்ளிவிடவில்லை, அவரும் விலகிப்போகவில்லை. எட்டு நாள் கழித்து இயேசு வந்தபோது அவர் அவர்களோடேகூட இருந்தார் என்று யோவான் எழுதுகிறார். ஆதலால் தேவனுடைய நல்லெண்ணத்தை நம்பக் கற்க விரும்புகிறவனுக்கு முதலில் வேண்டியது ஐயமற்ற மனம் அன்று. அவன் ஐயுறும் நாட்களிலும் அவனுக்கு இடம் கொடுக்கும் ஒரு சபையே.