மெடிகேர் வயதுக்கு முன் வாழ்க்கைத்துணையின் காப்பீட்டு இடைவெளி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 65 வயது நிறைந்தவர்களுக்குக் கூட்டரசு வழங்கும் மருத்துவக் காப்பீடு மெடிகேர் எனப்படுகிறது. இது தனி ஆளுக்கு உரியது, குடும்பத்துக்கு உரியதன்று. வேலை செய்யும் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக இருக்க முடியும். ஆனால் கணவர் ஓய்வுபெற்று மெடிகேருக்கு மாறும்போது, 62 வயதான மனைவியைத் தம்முடன் அதில் சேர்த்துக்கொள்ள வழியில்லை. நிறுவனத்தின் காப்பீடு நின்றுபோன நாளிலிருந்து மனைவிக்கு 65 வயதாகும் நாள் வரையுள்ள காலமே இங்கு காப்பீட்டு இடைவெளி எனப்படுகிறது. கணவரைவிட மனைவி மூத்தவராக இருந்தாலும் நிலைமை இதுவே. இடம் மட்டும் மாறும்.

வயது வித்தியாசம் மூன்று ஆண்டுதானே என்று தோன்றலாம். ஆனால் அறுபதுகளின் தொடக்கம் இதய அடைப்பும் புற்றுநோயும் மூட்டு மாற்று அறுவையும் வரத் தொடங்கும் வயது. அமெரிக்க மருத்துவமனைக் கட்டணத்தில், காப்பீடு இல்லாத ஒரே ஒரு அறுவை சிகிச்சை ஓய்வுக்காலச் சேமிப்பின் பெரும்பகுதியைக் கரைத்துவிடும்.

65 என்ற வயது வந்த கதை

மெடிகேர் சட்டத்தில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் 1965 ஜூலை 30 அன்று கையெழுத்திட்டார். 1966 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அக்காலத்தில் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தை முழுமையாகப் பெறும் வயதும் 65-ஆகவே இருந்தது. 1983-இல் நிறைவேறிய திருத்தம் ஓய்வூதிய வயதைப் படிப்படியாக உயர்த்தியது. 1960-இலும் அதன் பின்னும் பிறந்தோருக்கு அது 67. குறைந்த தொகையை ஏற்றுக்கொண்டால் 62 வயதிலேயே ஓய்வூதியம் பெறலாம். மெடிகேர் வயது மட்டும் 65-இலேயே நிற்கிறது. 62 வயதில் ஓய்வூதியம் கிடைக்கிறதே என்று வேலையை விடுபவர்கள், மருத்துவக் காப்பீட்டுக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் உள்ளன என்பதைப் பல சமயம் கடைசியில்தான் கவனிக்கிறார்கள்.

இதற்கு விலக்குகள் உண்டு. உடல் இயலாமைக்கான சமூகப் பாதுகாப்பு உதவியை 24 மாதங்கள் பெற்றவர்களும், நிலையான சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களும் 65 வயதுக்கு முன்பே மெடிகேரில் சேரலாம். பெரும்பாலான வாழ்க்கைத்துணைகளுக்கு இவை பொருந்துவதில்லை.

கோப்ரா தொடர்ச்சி

இடைவெளியைக் கடக்க முதலில் நினைவுக்கு வருவது கோப்ரா. 1986 ஏப்ரலில் கையெழுத்தான ஒரு வரவுசெலவுச் சட்டத்தின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கம் இது. பாம்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. 20 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனத்தில் வேலை போனாலோ ஓய்வு பெற்றாலோ, அதே குழுக் காப்பீட்டை முழுத் தவணையையும் தாமே கட்டித் தொடரும் உரிமையை இச்சட்டம் தருகிறது. இதில் பலர் அறியாதது, இவ்வுரிமை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உண்டு என்பதுதான். கணவர் மெடிகேருக்குப் போய்விட, மனைவி மட்டும் கோப்ராவை எடுத்து, ஓர் ஆளுக்கான தவணையை மட்டும் செலுத்தலாம்.

தவணை முழுத் தொகையில் 102 விழுக்காடு வரை இருக்கலாம். மேலதிகமான 2 விழுக்காடு நிர்வாகச் செலவுக்கானது. கே.எஃப்.எஃப். என்னும் சுகாதாரக் கொள்கை ஆய்வமைப்பின் கணக்குப்படி 2024-இல் நிறுவனக் காப்பீட்டில் ஓர் ஆளுக்கான சராசரி ஆண்டுத் தவணை 8,951 டாலர். அதில் ஊழியர் செலுத்திய பங்கு சராசரியாக 1,368 டாலர். மாதம் ஏறத்தாழ 114 டாலர் கட்டிக்கொண்டிருந்த இடத்தில் திடீரென 760 டாலர் கட்டவேண்டி வருகிறது. காப்பீட்டின் விலை ஏறியதாகத் தோன்றினாலும், உண்மையில் அதுவரை நிறுவனம் கட்டிவந்த பங்கு இப்போது வெளியே தெரிகிறது, அவ்வளவே.

ஆயினும் அறுபதைத் தாண்டியவருக்கு இது அப்படியொன்றும் மோசமான விலையன்று. குழுக் காப்பீட்டில் 25 வயது இளைஞருக்கும் 62 வயது மூத்தவருக்கும் பொதுவாக ஒரே தவணை. தனிநபர் காப்பீட்டுச் சந்தையில் அப்படியில்லை. 64 வயதுடையவரிடம் 21 வயதுடையவரைப்போல் மூன்று மடங்கு வரை வாங்கச் சட்டம் அனுமதிக்கிறது. நியூயார்க், வெர்மான்ட் ஆகிய இரு மாநிலங்கள் மட்டும் வயதுக்கேற்ற விலையைத் தடுத்துள்ளன.

கோப்ராவை ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க 60 நாள் அவகாசம் உண்டு. ஏற்ற பின் முதல் தவணையைச் செலுத்த மேலும் 45 நாள். காப்பீடு நின்ற நாளிலிருந்தே பாதுகாப்பு பின்னோக்கிக் கணக்கிடப்படும் என்பதால், இடைப்பட்ட நாட்களில் நோய் வந்தாலும் உரிமை இழக்கப்படுவதில்லை; ஆனால் விட்டுப்போன மாதங்களின் தவணை முழுவதையும் கட்டியாக வேண்டும்.

20-க்கும் குறைவான ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்குக் கூட்டரசின் கோப்ரா பொருந்தாது. பல மாநிலங்கள் இதற்கெனத் தனிச் சட்டம் வைத்துள்ளன. கலிஃபோர்னியாவில் 2 முதல் 19 ஊழியர்கள் வரை உள்ள நிறுவனங்களுக்கு 36 மாதத் தொடர்ச்சி உண்டு.

எது முதலில்: மெடிகேரா, ஓய்வா?

வேலையை விட்டதால் வரும் கோப்ரா 18 மாதங்கள் நீடிக்கும். ஆனால் ஊழியர் மெடிகேரில் சேர்ந்த பிறகு, 18 மாதங்களுக்குள் வேலையை விட்டால், அவருடைய துணைக்கான கோப்ரா மெடிகேரில் சேர்ந்த தேதியிலிருந்து 36 மாதங்கள் என்று எண்ணப்படும். வரிசை மாறினால் இந்த நீட்சி கிடைக்காது. முதலில் ஓய்வு, பிறகு மெடிகேர் என்றால் துணைக்குப் பொதுவாக 18 மாதங்கள் மட்டுமே.

ஓர் எடுத்துக்காட்டு. கணவருக்கு 2026 மார்ச்சில் 65 வயது நிறைகிறது. மனைவிக்கு 65 வயதாவது 2029 ஜனவரியில். கணவர் பிப்ரவரி இறுதியில் ஓய்வுபெற்று மார்ச் 1 முதல் மெடிகேரில் சேர்கிறார் என்று கொண்டால், மனைவியின் கோப்ரா 2027 ஆகஸ்டில் முடிந்துவிடும். அதன் பின் 16 மாதங்களுக்கு வேறு வழி தேடவேண்டும். இதற்கு மாறாக, அவர் மார்ச் 1 அன்று மெடிகேரில் சேர்ந்துவிட்டு மே இறுதி வரை வேலையில் நீடித்தால், மனைவியின் கோப்ரா 2029 பிப்ரவரி வரை செல்லும். அதற்குள் அவருக்கும் 65 வயதாகிவிடும். வேலையில் கூடுதலாக இருந்தது மூன்று மாதம். அதனால் கிடைத்தது 18 மாதக் காப்பீடு.

இங்கே இரண்டைக் கவனிக்க வேண்டும். 65 வயதாவது மட்டும் போதாது. ஊழியர் உண்மையில் மெடிகேரில் பதிவு செய்திருக்க வேண்டும். மருத்துவமனைச் செலவுக்கான ஏ பகுதியில் மட்டும் சேர்ந்தாலும் போதும். ஆனால் ஏ பகுதியில் சேர்ந்தவர் வரிவிலக்குள்ள மருத்துவச் சேமிப்புக் கணக்கில் அதன்பின் பணம் போட முடியாது. இந்த விதியை ஓய்வுத்தேதி முடிவாகும் முன்பே நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் எழுத்து வடிவில் உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது. தேதியைக் கொடுத்துவிட்டுப் பிறகு கேட்பதில் பயனில்லை.

காப்பீட்டுச் சந்தையும் வருமான வரம்பும்

இரண்டாவது வழி, 2010-ஆம் ஆண்டின் கட்டுப்படியாகும் பராமரிப்புச் சட்டம் உருவாக்கிய காப்பீட்டுச் சந்தை. 2014 முதல் இச்சந்தையில் விற்கப்படும் காப்பீடுகள் ஏற்கெனவே உள்ள நோயைக் காட்டி யாரையும் மறுக்க முடியாது. நிறுவனக் காப்பீட்டை இழப்பவர் ஆண்டின் எந்த மாதத்திலும் சேரலாம். இழப்புக்கு முன் 60 நாளும் பின் 60 நாளும் அவகாசம்.

இங்கே தவணையைக் குறைக்க வரிச்சலுகை உண்டு. அதன் கணக்கு இருவரின் வருமானத்தையும் சேர்த்துப் பார்க்கும். மனைவி ஒருவர் மட்டுமே சந்தையில் காப்பீடு வாங்கினாலும், கணவரின் ஓய்வூதியம், சேமிப்புக் கணக்கிலிருந்து அவர் எடுக்கும் பணம், சமூகப் பாதுகாப்புத் தொகை முழுவதும் கணக்கில் வரும். கூட்டரசு வறுமைக்கோட்டின் 400 விழுக்காட்டுக்கு மேல் வருமானம் இருந்தால் சலுகை இல்லை என்ற பழைய வரம்பு 2021 முதல் நீக்கப்பட்டிருந்தது. அந்தத் தளர்வு 2025 இறுதியுடன் முடிவடைந்தது. அதன்படி 2026-இல், பெரும்பாலான மாநிலங்களில் இருவர் கொண்ட குடும்பத்துக்கு வரம்பு 84,600 டாலர்.

இவ்வரம்பு படிக்கட்டுபோல் இறங்குவதில்லை. செங்குத்தான பாறை விளிம்புபோல் நின்றுவிடுகிறது. 62 வயதுடையவருக்கு அளவுகோலாகக் கொள்ளப்படும் காப்பீட்டின் விலை மாதம் 1,100 டாலர், அதாவது ஆண்டுக்கு 13,200 டாலர் என்று வைத்துக்கொள்வோம். குடும்ப வருமானம் 84,000 டாலரானால் அதில் 9.96 விழுக்காடு, ஏறத்தாழ 8,366 டாலர், அவர்கள் பங்கு. மீதி 4,800 டாலருக்கும் சற்றுக் கூடுதலாக அரசு ஏற்கும். வருமானம் 85,000 ஆனால் அரசின் பங்கு சுழியம். வீட்டுக் கூரை மாற்றவோ பிள்ளையின் திருமணத்துக்கோ சேமிப்பிலிருந்து எடுத்த ஆயிரம் டாலர், ஐந்து மடங்குக்குச் செலவு வைக்கிறது. முன்கூட்டியே பெற்ற சலுகை அதிகமாகிவிட்டால், 2026 முதல் அதை முழுவதும் திருப்பிக் கட்டவேண்டும். முன்பு இருந்த உச்சவரம்பு இப்போது இல்லை. உரிய நிபந்தனைகளுடன் ராத் கணக்கிலிருந்து எடுக்கும் பணம் வருமானமாகக் கொள்ளப்படாததால், இவ்விடைவெளிக் காலத்துக்கென அதைச் சேர்த்துவைப்போர் உண்டு.

கோப்ராவில் இருந்துகொண்டு, நினைத்த மாதத்தில் சந்தைக்கு மாற முடியாது. கோப்ராவைத் தாமாக நிறுத்தியவர் ஆண்டுக்கு ஒருமுறை வரும் பொதுப் பதிவுக்காலம் வரை காத்திருக்க வேண்டும். காலம் முழுவதும் முடிந்து கோப்ரா நின்றால்தான் சிறப்புப் பதிவு கிடைக்கும். ஆண்டின் நடுவே காப்பீட்டை மாற்றினால், காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நோயாளி செலவழிக்க வேண்டிய தொகையும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். சிகிச்சையின் நடுவில் இருப்பவருக்கு இது சிறிய விஷயமன்று.

பிற வழிகள்

இளைய துணைக்கு வேலை இருந்து, அந்த நிறுவனம் காப்பீடு அளித்தால் அதுவே எளிய வழி. பழைய காப்பீட்டை இழந்த 30 நாட்களுக்குள் கேட்க வேண்டும். காப்பீட்டுக்காகவே பகுதிநேர வேலைக்குச் செல்வோரும் உள்ளனர். வருமானம் மிகக் குறைந்தவர்களுக்கு, திட்டத்தை விரிவாக்கிய மாநிலங்களில் மெடிகெய்டு கிடைக்கும். குறுகியகாலக் காப்பீடுகள் விலை மலிவு. ஆனால் பழைய நோயைக் காட்டி மறுக்கும் உரிமை அவற்றுக்கு உண்டு. அறுபது வயதுக்காரருக்கு அவற்றைப் பரிந்துரைப்பது கடினம்.

இந்தியா, இலங்கை முதலிய நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களில் வேறொரு சிக்கலும் எழுகிறது. மெடிகேரின் ஏ பகுதியைத் தவணையின்றிப் பெற 40 காலாண்டு உழைப்புப் பதிவு தேவை. அப்பதிவு இல்லாதவர் தம் துணையின் பதிவைக் கொண்டு பெறலாம்; அதற்கு அத்துணைக்குக் குறைந்தது 62 வயதாகியிருக்க வேண்டும். மூத்தவர் வேலைக்குப் போகாதவராகவும், இளையவர் 60 வயதில் வேலையில் உள்ளவராகவும் இருந்தால், 65 வயதானவரே இளையவரின் நிறுவனக் காப்பீட்டில் மேலும் இரண்டாண்டுகள் தொடர்வது வழக்கம்.

இளையவர் 65-ஐ எட்டும்போது

65-ஆம் பிறந்தநாள் வரும் மாதம், அதற்கு முந்தைய மூன்று மாதங்கள், பிந்தைய மூன்று மாதங்கள் என ஏழு மாதங்கள் மெடிகேரில் சேர உரிய காலம். கோப்ராவில் இன்னும் சில மாதங்கள் மீதமிருக்கிறதே என்று இதைத் தள்ளிப்போடுவது தவறு. கோப்ரா என்பது நடப்பு வேலையால் கிடைக்கும் காப்பீடாக மெடிகேர் விதிகளில் கொள்ளப்படுவதில்லை. காலம் தவறினால், தாமதமான ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மருத்துவர் கட்டணத்துக்கான பி பகுதியின் தவணையில் 10 விழுக்காடு கூடும். அக்கூடுதல் பொதுவாக வாழ்நாள் முழுவதும் தொடரும். சந்தைக் காப்பீட்டின் வரிச்சலுகையும், தவணையில்லா ஏ பகுதிக்குத் தகுதி வந்ததும் நின்றுவிடும். காப்பீடு தானாக ரத்தாகாது. அதை நிறுத்தச் சொல்லி உரியவரே தெரிவிக்க வேண்டும்.