போர்க்கப்பல் மாதிரியும் மூச்சுக்குழாயும்

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி, வண்ணம் தீட்டி, போர்க்கப்பலின் சிறு மாதிரியை உருவாக்குவது பல வாரங்கள் நீளும் பொழுதுபோக்கு. ஆஸ்துமாவோ நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோ உடையவர்கள் அதனைக் கைவிட வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே எங்கள் கருத்து. வண்ணம் பூசும் முறையைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

எம்டன் கப்பலையே எடுத்துக்கொள்வோம். 1914 செப்டம்பர் 22 அன்று இரவு சென்னைத் துறைமுகத்தை அடுத்த எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த ஜெர்மானியக் கப்பல் அது. அதன் பெயர் தமிழில் பொல்லாதவரைக் குறிக்கும் சொல்லாகவே நிலைத்துவிட்டது. சுமார் 118 மீட்டர் நீளமுள்ள அக்கப்பல், 350இல் ஒரு பங்காகச் சுருங்கும்போது 34 சென்டிமீட்டர் அளவினதாகிறது. அதன் தளத்தில் நிற்கும் மாலுமியின் உயரம் 5 மில்லிமீட்டர்தான். போருக்கு முன் வெண்ணிறமாயிருந்த எம்டன், போர்க்காலத்தில் சாம்பல் நிறம் பூண்டது. தூரிகையால் பூசினால் இந்த ஒரே நிறப் பரப்பில் தடம் தெரியுமே என்று அஞ்சிப் பலர் ஸ்பிரேயை நாடுகின்றனர். இடர் தொடங்குவது அங்கேதான்.

தெளிக்கப்படும் வண்ணம் நுண்துளிகளாகி, மூச்சுடன் உட்சென்று சிறு மூச்சுக்குழாய்கள்வரை எட்டக்கூடும். தின்னர் கலந்திருப்பின் அதன் ஆவியும் உடன் செல்லும். முன்பே அழற்சியுற்ற குழாய்கள் இதனால் இறுகி, இருமலும் இழுப்பும் உண்டாகின்றன. நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம் தூரிகைக்கு மிக ஏற்றது. ஆயினும் அதனைத் தெளித்தால் அதுவும் நுண்துளியே. என்95 முகக்கவசம் துகளைத் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. ஏசி பெரும்பாலும் அறைக்குள் இருக்கும் காற்றையே சுழற்றுகிறது. ஆகவே சன்னலைத் திறந்து வைத்து, அக்ரிலிக்கைத் தூரிகையால் மெல்லிய பூச்சுகளாக, ஒன்று உலர்ந்தபின் மற்றொன்றாகப் பூசுங்கள். சிறிது தடம் தெரிந்தால் குறையொன்றுமில்லை. அக்கால மாலுமிகளும் தம் கப்பல்களுக்குத் தூரிகையால்தானே வண்ணம் பூசினர்!

விரைவில் ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசையின் ஆவியும் சிலருக்கு ஆஸ்துமாவைத் தூண்டும். சிறு துளியே போதும். முகத்தை அதன்மேல் கவிழ்த்து ஒட்டாதீர்கள். உப்புத்தாள் தேய்க்கையில் நீர்த்தாளைப் பயன்படுத்தி நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது.

வீட்டில் ஆக்சிஜன் பெறுவோரும் அவர்தம் குடும்பத்தாரும் இதனைக் கட்டாயம் கருத்திற்கொள்ள வேண்டும். தின்னரும் ஸ்பிரே குப்பிகளும் எளிதில் தீப்பற்றுபவை. ஆக்சிஜன் மிகுந்த இடத்தில் தீ மிக வேகமாகப் பரவும். நோயாளர் இருக்கும் அறையில் மட்டுமன்று, வீட்டின் வேறு எவரும் அவற்றை அவருக்கருகே திறக்கவே கூடாது.

மற்றொன்று. சால்புடமால் இன்ஹேலர் எடுத்தபின் சிலருக்குக் கை நடுங்கும். மெல்லிய பித்தளைக் கைப்பிடிக் கம்பிகளைப் பொருத்துவதற்காக மருந்தைத் தள்ளிப்போடுவோர் உண்டு. அது தவறு. நடுக்கம் சில மணி நேரத்தில் தணியும். கம்பிகள் காத்திருக்கலாம், மூச்சு காத்திராது.

வேலை செய்த நாளில் இருமலோ இழுப்போ மிகுந்தால் உடனே எழுந்து வெளிக்காற்றுக்கு வந்து, இன்ஹேலரைப் பயன்படுத்துங்கள். அதன் பின்னும் மூச்சு சீராகாவிடினும், ஒரு முழு வாக்கியம் பேச இயலாவிடினும் தாமதியாமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். தொல்லை அடிக்கடி வருமாயின், பசை, வண்ணக் குப்பிகளின் லேபிள்களைக் கைப்பேசியில் படமெடுத்து வெளிநோயாளர் பிரிவில் காட்டுங்கள்.