பிள்ளையையும் கேளுங்கள்

சென்ற கோடை விடுமுறையில், மாதேசுவரன் மலைக்குச் செல்லும் வழியிலுள்ள கௌதள்ளியில் நம் தங்கை இல்லத்தில் தங்கியிருந்தோம். ஒரு நாள் காலை, பிள்ளைகளின் உடல்நலத்தை ஆராய்வதாகக் கூறி இருவர் வந்து, கன்னடத்தில் அச்சிட்ட தாளொன்றை நீட்டினர். தங்கைக்குத் தமிழன்றி வேறெழுத்துத் தெரியாது. தாள் நம் கைக்கு வந்தது. இரயில்வே அலுவலகத்தில் நாள்தோறும் தாள்களில் ஒப்பமிட்டுப் பழகிய கையல்லவா? முழுதும் படியாமலே ஒப்பமிட்டோம்.

பதின்மூன்று வயது மருமகளைத் திண்ணையில் அமர்த்தி, அண்டை வீட்டார் சூழ்ந்து நிற்க, உணவு, உறக்கம், மாதவிலக்கு என ஒவ்வொன்றாய் வினவினர். அவள் தலைகுனிந்தவாறே விடையளித்தாள். மறுநாள் அவ்விடைகள் குழாயடியில் பேச்சாயின. “என்னை ஒருவரும் கேட்கவில்லையே, மாமா!” என்று அவள் அழுதபோது நம்மிடம் மறுமொழி இல்லை.

நிற்க. ஆராய்ச்சியே தீது என்பது நம் கருத்தன்று. மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1997-98இல் கருவுற்ற தாய்மாரைக் கொண்டு தொடங்கிய ஆய்வு, அவர்தம் பிள்ளைகளைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து, தாயின் நீரிழிவு பிள்ளையின் உடல்நலத்தை எவ்வாறு தொடர்கிறது என்பதை ஆராய்ந்தது. குடும்பங்கள் நம்பி வாயிற்கதவைத் திறந்ததாலன்றோ அவ்வறிவு கிட்டியது!

அந்நம்பிக்கை பழுதுற்ற கதையும் உண்டு. 2009இல், அன்று ஆந்திரத்தைச் சேர்ந்திருந்த கம்மம் மாவட்டத்தில், 10 முதல் 14 வயதுச் சிறுமியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி இடும் ஆய்வுத்திட்டம் தொடங்கி, 2010இல் நிறுத்தப்பட்டது. விசாரணையில் பார்க்கப்பட்ட 9,543 சம்மதத் தாள்களுள் 2,763இல் விடுதிக் காப்பாளர்களே ஒப்பமிட்டிருந்தனர். 1,948இல் கைரேகை மட்டுமே இருந்தது. 2013இல் நாடாளுமன்றக் குழு இதனைக் கடுமையாகக் கண்டித்தது. ஊசி நல்லதாயினும், பெற்றோரைக் கேளாதது குற்றமே. திண்ணையில் நாம் செய்ததும் அதனின் வேறன்று.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் தெளிவானவை. பெற்றோர் சம்மதம் வேண்டும். அத்துடன் 7 முதல் 12 வயதுப் பிள்ளையிடம் வாய்மொழி இசைவும், அதற்கு மேல் 18 வரை எழுத்து இசைவும் பெறவேண்டும். புரியும் மொழியில் விளக்கவேண்டும். மறுக்கவும், இடையில் விலகவும் உரிமையுண்டு. அதனால் சிகிச்சை குறையலாகாது. சொன்னவை இரகசியமாகக் காக்கப்படல் வேண்டும். ஆயின் ஒரு விலக்கு: பிள்ளைக்குப் பாலியல் தீங்கு நேர்ந்தது தெரியவந்தால், 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி அதனை அதிகாரிகளிடம் அறிவித்தே ஆகவேண்டும். இதனைப் பேட்டிக்கு முன்பே பிள்ளைக்குச் சொல்லிவிடுவது நேர்மை.

அயல்மொழி நாட்டில் வாழும் நாம், “தமிழில் சொல்லுங்கள்” எனக் கேட்க நாணவேண்டாம். எந்த நிறுவனம், நெறிமுறைக் குழு ஒப்பியதா, பெயர் எங்கே இருக்கும் என்று வினவுங்கள். தாயின் கண்ணுக்குத் தெரியும், பிறர் செவிக்கு எட்டாத இடத்தில் பேட்டி நடக்கட்டும்.

சில திங்களுக்குப் பின் அவ்விருவரும் மீண்டும் வந்தனர். கன்னடப் பள்ளியிற் பயிலும் மருமகளே தாளை வாங்கித் தாய்க்குத் தமிழில் படித்துச் சொன்னாள். பின்னர் உள்ளறையில் அமர்ந்து, இரண்டு வினாக்களுக்கு விடை தர இயலாது என்றாள். மற்றவற்றுக்குத் தலைநிமிர்ந்து விடையளித்தாள். இம்முறை நாம் பேனாவை எடுக்கவில்லை.