தேக்கடி டூருக்கு 22,100 ரூபாய்... அதுல காட்டுக்குள்ள செலவு எவ்வளவு?

லீவு வருது, டூர் பட்ஜெட் பத்தி எழுதுங்கன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. என் சொந்தக் கணக்கில் இருந்தே ஆரம்பிக்கறேன். இது நான் ஏமாந்த கணக்கு.

மூணு வருஷத்துக்கு முன்னாடி மே மாசம், அம்மா, மனைவி, அப்போ ஒன்பது வயசான பொண்ணு, நான். நாலு பேரும் பசுமலையில் இருந்து தேக்கடி போனோம். திரும்பி வந்த மறுநாள் செலவை எழுதினேன். ஆடிட்டர் புத்தி சும்மா இருக்குமா?

தங்கும் அறை, 2 இரவு: ரூ. 8,400
வாடகை கார்: ரூ. 6,800
சாப்பாடு: ரூ. 3,100
ஏலக்காய், மிளகு, சாக்லேட்: ரூ. 1,800
ஜீப் சவாரி: ரூ. 2,000
மொத்தம்: ரூ. 22,100

இந்தப் பட்டியல்ல ஒரு வரி இல்லை, கவனிச்சீங்களா? பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள்ள செஞ்ச செலவு. அது பூஜ்ஜியம். நாங்க போனப்போ படகு டிக்கெட் தீர்ந்திருச்சு. வெளியே நின்ன ஒரு புரோக்கர் "காட்டு சஃபாரி சார்"னு ஜீப்புல ஏத்தினார். தேயிலைத் தோட்டம், ஒரு வியூ பாயின்ட், ஒரு மசாலாத் தோட்டம். அவ்வளவுதான். எல்லாமே காட்டுக்கு வெளியே. கார் கம்பம் தாண்டி வரும்போது பொண்ணு கேட்டா: "அப்பா, காடு எப்ப வரும்?"

அந்த பில்லை கிரெடிட் கார்டில் போட்டு ஆறு மாச இ.எம்.ஐ.யா மாத்தியிருந்தேன். பார்க்காத காட்டுக்கு ஆறு மாசம் தவணை கட்டின ஆடிட்டர் நான்தான்.

காட்டுக்குள்ள என்னவெல்லாம் செய்யலாம்?

தேசியப் பூங்கா டூர்னா அறையும் காரும்தான் பெரிய செலவுன்னு நினைக்கிறோம். ஆனா ஞாபகத்தில் நிக்கறது உள்ளே நடந்த மூணு மணி நேரம்தான். தேக்கடியில் மட்டும் இத்தனை இருக்கு:

1. படகு சவாரி. வயசானவங்க, குழந்தைங்க எல்லாருக்கும் ஏத்தது. 1895-ல் முல்லைப் பெரியாறு அணை கட்டினப்போ மூழ்கின மரங்களோட மொட்டைத் தண்டுகள் இன்னமும் ஏரியில் நிக்குது. நீர்க்காகங்க அதுமேல உட்கார்ந்து சிறகு காய வைக்கும். காலையில் முதல் படகு இல்லைன்னா சாயங்காலக் கடைசிப் படகு எடுங்க. மிருகங்க தண்ணிக்கு வர்ற நேரம் அது.

2. காட்டு நடை. சுமார் மூணு மணி நேரம், வழிகாட்டியோட. மலை அணில், கருமந்தி, அதிர்ஷ்டம் இருந்தா இருவாச்சி. மழைக்காலத்தில் அட்டை ஏறும், அதுக்குன்னே நீளமான சாக்ஸ் இருக்கு.

3. மூங்கில் தெப்பம். முழு நாள். பாதி நடை, பாதி ஏரியில் தெப்பம். துப்பாக்கியோட வனக் காவலர் ஒருத்தர் கூடவே வருவார். நல்லா நடக்கறவங்களுக்கு மட்டும்.

4. எல்லை நடை. காப்பகத்தின் எல்லையை ஒட்டி முழு நாள் நடை. முட்டி வலி இருக்கறவங்க யோசிச்சுக்கோங்க.

எல்லாத்துக்கும் தினசரி ஆள் எண்ணிக்கை உண்டு. சிலதுக்கு வயசு வரம்பும் உண்டு. கட்டணம் அப்பப்ப மாறும். அதனால காப்பகத்தோட அதிகாரப்பூர்வ இணையதளத்தில் பார்த்து புக் பண்ணுங்க. அறையை அதுக்கு அப்புறம் போடுங்க. நம்மில் முக்கால்வாசி பேர் இதைத் தலைகீழா செய்யறோம்.

அந்தப் பணம் எங்க போகுது?

ஒரு காலத்தில் இந்தக் காட்டில் வயணப் பட்டை, அதாவது காட்டு லவங்கப் பட்டை திருடி வித்த ஒரு கூட்டம் இருந்துச்சு. வேட்டையும் உண்டு. 1990-களோட கடைசியில், உலக வங்கி உதவியோட நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில், வனத்துறை அவங்களோட பேசி, அவங்களையே வழிகாட்டிகளா மாத்துச்சு. காட்டோட ஒவ்வொரு ஒத்தையடிப் பாதையும் தெரிஞ்சவங்க. ராத்திரி காட்டில் தங்கிக் கூட்டிட்டுப் போற 'டைகர் டிரெயில்' அப்படித்தான் பிறந்தது. மன்னான், பளியர் பழங்குடி மக்களும் வழிகாட்டிகளா இருக்காங்க. மன்னான் மக்கள், தங்களோட முன்னோர் மதுரைப் பக்கத்தில் இருந்து மலை ஏறினவங்கன்னு சொல்வாங்க.

நீங்க வெளியே புரோக்கர் கையில் கொடுக்கற 2,000 ரூபாய் இவங்களுக்குப் போகாது. உள்ளே கொடுக்கற பணம், மரத்தை வெட்டாம இருக்கறதுக்கு ஒருத்தருக்குக் கிடைக்கிற சம்பளம்.

இதுல நமக்கும் பங்கு இருக்கு. போன வருஷம் ரெண்டாவது தடவை போனோம். படகில் அம்மா பக்கத்தில் நின்ன ஊழியரைக் கேட்டாங்க: "இந்தத் தண்ணிதான் நம்ம வைகைக்கு வருதா தம்பி?" அவர், "ஆமாம்மா, மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா கம்பம் பள்ளத்தாக்குக்கு இறங்கி, வைகை அணைக்குப் போகுது"ன்னார். அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. குடத்தோட தண்ணி லாரிக்கு வரிசையில் நின்ன வருஷங்கள் அவங்களுக்குத்தான் தெரியும். காடு அசல், தண்ணி வட்டி. அசலைக் கரைச்சா வட்டி எங்க இருந்து வரும்?

அனுமதிச் சீட்டுதான் முதல் இன்சூரன்ஸ்

மதுரைக்காரங்க யாரும் 2018 மார்ச் 11-ஐ மறந்திருக்க மாட்டோம். போடி பக்கம் குரங்கணியில் காட்டுத்தீ. மலையேறப் போனவங்கள்ல 20-க்கும் மேற்பட்டோர் இறந்தாங்க. உரிய அனுமதி இல்லாத பாதையில் போனது விசாரணையில் பெரிய கேள்வியா நின்னுச்சு. அதே வருஷம் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளைக் கொண்டு வந்துச்சு. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 40 பாதைகளோட தொடங்குச்சு. இப்போ ஆன்லைனிலேயே பதிவு பண்ணி, வழிகாட்டியோட போகலாம். "எனக்குத் தெரிஞ்ச ஆள் கூட்டிட்டுப் போறார்"னு யாராவது சொன்னா, சீட்டைக் காட்டச் சொல்லுங்க.

படகிலும் அப்படித்தான். 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடியில் ஜலகன்யகா படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தாங்க. லைஃப் ஜாக்கெட் கிளிப்பை மாட்டுங்க. யானை தெரிஞ்சாலும் எல்லாரும் ஒரே பக்கம் ஓடாதீங்க.

உங்க விபத்து பாலிசியில் 'சாகச விளையாட்டு' விலக்குப் பட்டியலில் இருக்கான்னு ஒரு தடவை படிச்சுப் பாருங்க. பல பாலிசிகளில் இருக்கும்.

இப்போ ரெண்டாவது கணக்கு

பஸ், ஆரப்பாளையத்தில் இருந்து: ரூ. 1,600
அறை, 1 இரவு: ரூ. 3,200
சாப்பாடு: ரூ. 2,200
கடைச் செலவு: ரூ. 900
காட்டுக்குள்ள (படகும் நடையும்): ரூ. 3,600
மொத்தம்: ரூ. 11,500

மொத்தச் செலவு கிட்டத்தட்ட பாதி. காட்டோட பங்கு பூஜ்ஜியத்தில் இருந்து 31 சதவீதம். இந்த ஒரு சதவீதத்தை நீங்களும் போட்டுப் பாருங்க. காட்டுக்கு டூர் போய், காட்டோட பங்கு 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தா, நீங்க ஓட்டல் டூர்தான் போயிருக்கீங்க.

பணம் சேர்க்க வழி சுலபம். மாசம் 1,000 ரூபாய் ஆர்.டி. போட்டா 12 மாசத்தில் அசலே 12,000. வட்டி தனி. இ.எம்.ஐ. வேண்டாம்.

சம்பளக்காரங்களுக்கு எல்.டி.ஏ. பத்தி ஒரு வார்த்தை. பழைய வரி முறையில் இருந்தா, நாலு வருஷ பிளாக்கில் ரெண்டு பயணத்துக்கு விலக்கு கிடைக்கும். அதுவும் பயணக் கட்டணத்துக்கு மட்டும். ஓட்டல், சாப்பாடு, படகு எதுவும் சேராது. புது முறையில் இது கிடையாது. டிக்கெட்டைப் பத்திரமா வைங்க.

தேக்கடி தாண்டியும் மதுரையைச் சுத்தி வாய்ப்பு இருக்கு. மூணாறு பக்கம் இரவிகுளத்தில் நம்ம மாநில விலங்கான வரையாட்டை ரொம்பக் கிட்டத்தில் பார்க்கலாம். குட்டி ஈனும் காலமான பிப்ரவரி, மார்ச் வாக்கில் மூடிடுவாங்க, தேதி பார்த்துப் போங்க. ராமேஸ்வரம் பக்கம் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா, 21 தீவுகள். தீவுக்கு வனத்துறை ஏற்பாட்டில் மட்டும்தான் போகணும்.

அந்த ரெண்டாவது டூரில், காட்டு நடை முடிஞ்சு வெளியே வந்ததும் பொண்ணு சாக்ஸ்ல இருந்த அட்டையைத் தட்டிவிட்டுட்டு கேட்டா: "அப்பா, அடுத்த வருஷமும் வரலாமா?" அன்னைக்கு ராத்திரியே அடுத்த ஆர்.டி. ஆரம்பிச்சுட்டேன். நீங்களும் போன டூர் பில்லை எடுத்து, காட்டோட பங்கு எத்தனை சதவீதம்னு கணக்குப் போட்டுச் சொல்லுங்க. அடுத்த வீடியோவில் பார்ப்போம்.